கோல் கணக்கும் ‘மிகச் சிறந்தவர்’ வழக்கும்: இந்தியக் கால்பந்திலிருந்து சில குறிப்புகள்

2018 ஜூன் 10 அன்று மும்பை அந்தேரி அரங்கில் நடந்த இன்டர்கான்டினென்டல் கோப்பை இறுதியாட்டத்தில் கென்யாவுக்கு எதிராகச் சுனில் சேத்ரி இரண்டு கோல்கள் அடித்தார். இந்தியா 2–0 என வென்றது. அந்த இரண்டாவது கோல் சேத்ரியின் 64-ஆவது சர்வதேச கோல். அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான் ஹெய்ட்டிக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்து லியோனல் மெஸ்ஸியும் 64-ஐ எட்டியிருந்தார். இரு எண்களும் ஒன்றானதும் ஒரு வாக்கியம் பிறந்தது. தற்போது ஆடிக்கொண்டிருக்கும் ஆண் வீரர்களுள், நாட்டு அணிக்காக அடித்த கோல்களின் எண்ணிக்கையில், சேத்ரி மெஸ்ஸிக்குச் சமமாக நிற்கிறார், ரொனால்டோ ஒருவரே அவருக்கு முன்னால் இருக்கிறார் என்பது அதன் முழு வடிவம்.

முழு வடிவத்தில் அந்த வாக்கியம் நெடுநாள் வாழவில்லை. முதலில் உதிர்ந்தது ‘தற்போது ஆடிக்கொண்டிருக்கும்’ என்னும் அடைமொழி. பின்னர் ‘நாட்டு அணிக்காக’ என்பது போயிற்று. ‘ஆண்’ என்ற சொல் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே இடம்பெறவில்லை. எஞ்சியது, சேத்ரி மெஸ்ஸிக்குச் சமம் என்பது. அடைமொழிகள் உதிர உதிர ஒரு கூற்றின் பொருட்பரப்பு விரியும் என்பது மொழியியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் செய்தி. ‘எண்ணிக்கையில் சமம்’ என்பதில் எண்ணிக்கை மறைந்தால் எஞ்சும் ‘சமம்’ ஆற்றலைக் குறிப்பதாகிவிடுகிறது. சேத்ரியோ தம்மை மெஸ்ஸியோடும் ரொனால்டோவோடும் ஒப்பிட வேண்டாமென்று நேர்காணல்தோறும் கூறிவந்தார். அந்த வேண்டுகோளும் ஒப்பீட்டுக்கான மற்றொரு செய்தியாகவே வெளியிடப்பட்டது.

அதே தொடரின் தொடக்கத்தை இங்கு நினைவுகூர வேண்டும். ஜூன் 1 அன்று சீன தைபேக்கு எதிராக இந்தியா 5–0 என வென்ற ஆட்டத்தில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். அரங்கில் இருந்தவர் ஏறத்தாழ 2,500 பேர். மறுநாள் சேத்ரி காணொளி ஒன்றை வெளியிட்டு, எங்களைத் திட்டவேனும் அரங்குக்கு வாருங்கள் என்னும் பொருள்பட மக்களை அழைத்தார். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கு நிறைந்தது. ஆயினும் உலக அட்டவணையில் சேத்ரியை மெஸ்ஸியின் அருகில் கொண்டுசென்ற எட்டு கோல்களில் மூன்று, ஏறக்குறைய வெற்று இருக்கைகளின் முன்னால் அடிக்கப்பட்டவை. அவற்றைக் கண்ணால் கண்டவர்களைவிட எண்ணாகக் கண்டவர் பன்மடங்கு மிகுதி. விவாதம் முழுவதும் எண்ணைப் பற்றிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். ஆட்டத்தைக் காணாதவர்க்கு எண் ஒன்றே கையில் கிடைக்கும் சான்று.

பிந்தைய கணக்கு பலரும் அறிந்தது. 2021 ஜூனில் வங்கதேசத்துக்கு எதிரான இரண்டு கோல்களால் சேத்ரி 74-ஐ அடைந்து, அப்போது 72-இல் இருந்த மெஸ்ஸியைக் கடந்தார். அதே ஆண்டு அக்டோபரில் தெற்காசியக் கோப்பை இறுதியில் நேபாளத்துக்கு எதிராக அடித்த கோல் 80-ஆவது. அன்று மெஸ்ஸியும் 80-இல் இருந்தார். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் குவைத்துக்கு எதிராக 0–0 என முடிந்த ஆட்டத்தோடு சேத்ரி விடைபெற்றபோது கணக்கு 151 ஆட்டங்களில் 94 கோல்கள். ரொனால்டோ, ஈரானின் அலி தாயி, மெஸ்ஸி ஆகிய மூவரே அவருக்கு மேல் இருந்தனர். 2025 மார்ச்சில் அவர் மீண்டும் களமிறங்கி மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோல் அடித்ததும் எண் 95 ஆயிற்று.

இந்தக் கணக்குக்கு எழும் முதல் எதிர்வாதமும் ஓர் எண்தான் என்பது கவனிக்கத் தக்கது. மாலத்தீவு, நேபாளம், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய அணிகளுக்கு எதிராக எத்தனை, ஆசியாவின் முதல்தர அணிகளுக்கு எதிராக எத்தனை என்று பிரித்து, பின்னது சிறிதாக இருப்பதைக் காட்டுவார்கள். ஆதரவாளர் விடையும் எண்ணே: ரொனால்டோ லக்சம்பர்க்குக்கும் லிதுவேனியாவுக்கும் எதிராக அடித்தவற்றைக் கழியுங்கள் என்பார்கள். இரு தரப்பும் கோலின் எண்ணிக்கைதான் தகுதியின் அளவை என்பதை மறுப்பதில்லை. கழித்தல் விதியில் மட்டுமே சண்டை. 2008 ஆகஸ்டில் தில்லி அம்பேத்கர் அரங்கில் தஜிகிஸ்தானுக்கு எதிரான ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பை இறுதியில் சேத்ரி அடித்த மூன்று கோல்கள், 27 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா ஓர் ஆசியக் கோப்பையில் விளையாட வழி திறந்தவை. எதிரணியின் தரவரிசையைக் கொண்டு எடைபோட்டால் அந்த மூன்றும் ஏதோ ஒரு நட்புமுறை ஆட்டத்தின் மூன்றுக்கு நிகராகிவிடும். அதனால் எந்த நிறையால் எடைபோடுவது என்பது கணக்குக்கு முன்னரே முடிவாக வேண்டியது. அதைப் பற்றி ஒருவரும் வாதிடுவதில்லை.

சேத்ரியை எதிர்ப்போர் வழக்கமாக எடுத்துக்காட்டுவது 1950, 60-களின் மூவரை: பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்சோடு 1–1, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் என்னும் சாதனைகள் அந்தத் தலைமுறைக்கு உரியவை. பானர்ஜி 2020 மார்ச்சில் மறைந்தபோது பெரும்பாலான இரங்கற் செய்திகளில் 84 ஆட்டங்களில் 65 கோல்கள் என்னும் கணக்கு இடம்பெற்றது. அது மெய்யானால் ஆட்டத்துக்கு 0.77 கோல்கள். சேத்ரியின் 0.62 அதற்குக் கீழே. வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் முழுச் சர்வதேச ஆட்டங்களை மட்டும் கொள்ளும் கடுமையான பட்டியலாளர்கள் பானர்ஜிக்குத் தரும் கோல்கள் இருபதுக்கும் குறைவு. ஒரே மனிதர், ஒரே கால்கள். இரு எண்களுக்கிடையே மூன்று மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி.

இந்த இடைவெளியைப் பொய் என்று ஒதுக்குவது எளிது. அது பிழையான எளிமை. அன்றைய இந்திய அணி வெளிநாட்டுப் பயணங்களில் நாட்டு அணிகளோடு மட்டும் ஆடவில்லை. நகரத் தேர்வணிகள், கழகங்கள், இராணுவ அணிகள் ஆகியவற்றோடும் ஆடிற்று. விளையாடியவருக்கு அவையனைத்தும் இந்தியச் சட்டையில் ஆடியவையே. அதில் அடித்த கோலை இந்தியாவுக்காக அடித்த கோல் என்று அவர் எண்ணியதில் குற்றமில்லை. முழுச் சர்வதேச ஆட்டம் எது என்னும் வரையறை பிற்காலத்தில் இறுக்கமாக்கப்பட்டு, முற்காலத்தின் மீது பின்னோக்கிச் செலுத்தப்பட்டது. ஒலிம்பிக் ஆட்டங்களையே அந்த வகையில் சேர்ப்பதா என்பதில் பட்டியலாளரிடையே இன்றும் ஒருமையில்லை. அவற்றை நீக்கினால் இந்தியக் கால்பந்தின் உச்சங்கள் அனைத்தும் கணக்குக்கு வெளியே போய்விடும். 1956 டிசம்பர் 1 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசோசா அடித்த மூன்று கோல்கள் ஒலிம்பிக்கில் ஆசியர் ஒருவரின் முதல் ஹாட்ரிக். கிட்டு என்று அழைக்கப்பட்ட ஜே. கிருஷ்ணசாமி நான்காவது கோலை அடிக்க, இந்தியா 4–2 என வென்றது. அந்த ஒலிம்பிக்கில் மிகுதியான கோல்கள் அடித்தோருள் நான்கு கோல்களோடு டிசோசாவும் ஒருவர். இந்தப் பெருமையை மிகச் சிறந்தவர் விவாதத்தில் எங்கே வைப்பது என்பதற்கு 94 என்னும் எண்ணிடம் விடையில்லை.

இக்குழப்பம் மூத்த தலைமுறைக்கு மட்டும் உரியதன்று. பைச்சுங் பூட்டியாவின் 42 கோல்களைச் சேத்ரி கடந்துவிட்டதாக 2013-இல் நாளேடுகள் எழுதின. இன்றைய பட்டியல்கள் பூட்டியாவுக்கு 27 கோல்களே தருகின்றன. பூட்டியா ஓய்வுபெற்ற பின் அவர் கணக்கிலிருந்து கோல்கள் குறைந்திருக்கின்றன என்பது வேடிக்கையான வரலாற்று நிகழ்வு. திருச்சூர் அரங்கில் சோடா விற்ற சிறுவனாகத் தொடங்கி நாட்டின் முதன்மை முன்கள வீரரான ஐ. எம். விஜயனுக்கும் 40 என்றும், 30-க்குக் குறைவு என்றும் இரு எண்கள் உலவுகின்றன. ஆக, சேத்ரியின் 94 மட்டுமே ஐயமறப் பதிவான எண். அவர் ஆடத் தொடங்கிய 2005-க்குப் பிந்திய காலத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒளிப்பதிவும் அறிக்கையும் இருந்தன. முந்தியவர்களுக்கு இருந்தது செய்தித்தாள் துணுக்கும் நினைவும். நன்கு பதிவானவரை நன்கு பதிவாகாதவர்களோடு எண்ணால் ஒப்பிடுவது கல்வெட்டையும் வாய்மொழிக் கதையையும் ஒரே தராசில் நிறுப்பதை ஒக்கும்.

வகுக்கும் எண்ணும் வரலாற்றுக்கு உட்பட்டது. 1985 வரை இந்தியா உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. நேரு கோப்பை 1982-இலும் தெற்காசியப் போட்டி 1993-இலும் தோன்றின. சேத்ரியின் கோல்களில் பெரும்பங்கு தந்த களங்கள் எவையும் பானர்ஜிக்கும் கோஸ்வாமிக்கும் இருக்கவில்லை. 151 ஆட்டங்கள் என்பது சேத்ரியின் 19 ஆண்டு உடற்பயிற்சியின் பயன். அது நவீன ஆட்ட நாட்காட்டியின் கொடையும்கூட. இதைச் சொல்வது அவர் பெருமையைக் குறைப்பதாகாது. ஒப்பிடப்படும் இரு அளவைகளில் ஒன்று அடி, மற்றொன்று முழம் என்பதை நினைவூட்டுவது மட்டுமே.

உலகளவிலும் இதே கதைதான். பெலே தம் கணக்கை 1,363 ஆட்டங்களில் 1,279 கோல்கள் என்று கூறிவந்தார். நட்புமுறை ஆட்டங்களையும் சேர்த்த கணக்கு அது. 2020 டிசம்பரில் ஒரே கழகத்துக்காக 644 கோல்கள் அடித்து மெஸ்ஸி பெலேயின் 643-ஐக் கடந்ததாகச் செய்தி வந்தபோது சாண்டோஸ் கழகம் மறுத்தது. பெலே தங்களுக்காக அடித்தவை 1,091 என்றும், நட்புமுறை ஆட்டங்களின் 448 கோல்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள் என்றும் வாதிட்டது. சாண்டோஸின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. 1960-களில் அக்கழகம் ஐரோப்பாவின் முதன்மைக் கழகங்களோடு மோதியது பெரும்பாலும் பயண ஆட்டங்களில்தான். இன்று நட்புமுறை என்னும் சொல் தரும் மெத்தனம் அன்றைய ஆட்டங்களில் இருக்கவில்லை. கொல்கத்தாவுக்கும் இதில் ஓர் ஓரப் பங்கு உண்டு. 1977 செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டனில் நியூயார்க் காஸ்மோஸ் அணிக்காகப் பெலே ஆடினார். பானர்ஜி பயிற்றுவித்த மோகன் பகான் 2–2 எனச் சமன் செய்தது. பெலே கோல் அடிக்கவில்லை. அதனால் அந்த ஆட்டத்தைச் சேர்த்தாலும் நீக்கினாலும் பட்டியலாளருக்குக் கவலையில்லை. வங்காளத்தில் இன்றும் பேசப்படும் ஓர் ஆட்டம் கோல் கணக்கில் வெறும் சுழியம்.

சாம்பியாவின் நிலை இன்னும் கூர்மையானது. 2012-இல் ஒரே நாட்காட்டி ஆண்டில் 91 கோல்கள் அடித்து, கெர்ட் முல்லரின் 1972-ஆம் ஆண்டுக் கணக்கான 85-ஐ மெஸ்ஸி முறியடித்ததாக உலகம் கொண்டாடியது. அப்போது சாம்பியக் கால்பந்துச் சங்கம், அதே 1972-இல் தங்கள் காட்ஃப்ரே சிட்டாலு 107 கோல்கள் அடித்தார் என்று அறிவித்தது. உள்நாட்டுப் போட்டிகளின் தரவைத் தாங்கள் வைத்திருப்பதில்லை என்றது ஃபிஃபா. அந்த விடை முல்லருக்கும் மெஸ்ஸிக்கும் பொருந்த வேண்டியது. ஆனால் அவர்களிடம் அதற்கான சான்றை ஒருவரும் கேட்கவில்லை. ஐரோப்பிய நாளேடுகளின் எண் பதிவு என்று கொள்ளப்பட்டது, லுசாகாவின் எண் உரிமைகோரல் என்று கொள்ளப்பட்டது. மலேசியாவின் மொக்தார் தஹாரி 142 ஆட்டங்களில் அடித்த 89 கோல்களும் நெடுங்காலம் இவ்வாறே ஐயத்தோடு பார்க்கப்பட்டன. அலி தாயியின் 109-ஐ உலகின் பொதுப்பேச்சுக்குக் கொண்டுவந்ததும், 2021 செப்டம்பரில் அயர்லாந்துக்கு எதிராக ரொனால்டோ அதைக் கடக்க நேர்ந்ததுதான்.

எண்ணுவதற்கு முன் எல்லை வகுக்கப்படுகிறது என்பதை உணர்வதற்குச் சித்தூர் மாவட்டத்தாருக்குக் கால்பந்து தேவையில்லை. 1911-இல் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்ட அந்த மாவட்டம் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திராவுக்குச் சென்றது. திருத்தணி குறித்தும் திருப்பதி குறித்தும் மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் முன்னெடுத்த எல்லைப் போராட்டத்தின் பின்னர், எச். வி. பட்டாஸ்கர் கிராமத்தை அலகாகவும் பெரும்பான்மைத் தாய்மொழியை அளவையாகவும் கொண்டு பரிந்துரை வழங்கினார். 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்தின் 319 கிராமங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு அந்தப் பக்கம் சென்றது. வட்டத்தை அலகாகக் கொண்டிருந்தால் வேறு கோடு. பிர்க்காவை அலகாகக் கொண்டிருந்தால் மற்றொரு கோடு. அலகு எதுவாயினும் மக்கள்தொகைக் கணக்கின் படிவத்தில் தாய்மொழி என்னும் கட்டத்தில் ஒரு மொழிக்கே இடம். வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசிய, அல்லது இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்த சித்தூர்க்காரர் அந்தக் கட்டத்தில் பாதி மறைந்துபோனார்.

கோல் என்னும் கட்டமும் அத்தகையது. அதில் ஒரு பெயருக்கே இடம். கோலுக்கு முந்திய கடவையை அளித்தவர், அதற்கும் முன் தற்காப்பு வீரர் இருவரைத் தம்பால் இழுத்து இடைவெளி உண்டாக்கியவர் ஆகியோருக்கு அந்தப் படிவத்தில் கட்டமில்லை. கடவையை முறைப்படி எண்ணத் தொடங்கியது மிகப் பிந்திய வழக்கம். இடைவெளி உண்டாக்குவதை எண்ணும் முயற்சி இப்போதுதான் நடக்கிறது.

இந்த மறைவின் முதன்மையான எடுத்துக்காட்டு பலராம். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் 1936-இல் பிறந்தவர். (சேத்ரி பிறந்ததும் செகந்திராபாத்தில், 1984-இல். இந்த வழக்கின் இரு முனைகளும் ஒரே பாளைய நகரத்தவை.) ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம் கண்டெடுத்து வளர்த்த ஆட்டக்காரர். முதலில் ஹைதராபாத்துக்காகவும் பின்னர் வங்காளத்துக்காகவும் சந்தோஷ் கோப்பை வென்றார். மூவரில் கோஸ்வாமி பந்தை வசப்படுத்தும் நயத்துக்குப் பெயர்பெற்றார், பானர்ஜி வலப்பக்க வேகத்துக்கும் ஷாட்டின் வலிமைக்கும் பெயர்பெற்றார். பலராம் இடப்பக்கத்திலும் நடுவிலும் முன்களத்திலும் எங்கு நிறுத்தினாலும் ஆடினார். பின்னால் இறங்கிப் பந்தை வாங்கி மற்ற இருவருக்கும் வழங்கினார். ரோமில் ஹங்கேரிக்கு எதிராக 1–2 எனத் தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையது. ஜகார்த்தாவில் தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் எதிராக ஒவ்வொரு கோல் அடித்தார். ஆனால் அவருடைய ஆட்டத்தின் பெரும்பகுதி கோலுக்கு முந்திய நொடிகளில் இருந்தது. அந்த நொடிகளுக்குப் பதிவில்லை. நோய் காரணமாக இருபதுகளிலேயே அவருடைய ஆட்டம் முடிந்தது. 1962-இல் அர்ஜுனா விருது பெற்றார். கோஸ்வாமிக்கு 1983-இலும் பானர்ஜிக்கு 1990-இலும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2023 பிப்ரவரி 16 அன்று மறையும் வரை பலராமுக்கு அது வழங்கப்படவில்லை.

விருது மறுக்கப்பட்டதற்குக் கோல் கணக்கு மட்டுமே காரணம் என்று கூற முடியாது. கொல்கத்தாவின் செல்வாக்கு, பயிற்சியாளராகப் பானர்ஜி பின்னர் பெற்ற புகழ், பலராமின் ஒதுங்கிய வாழ்வு அனைத்தும் அதில் சேரும். எனினும் பரிந்துரைக் கடிதத்தில் எழுதத் தக்க ஓர் எண் இல்லாதவர் எத்துணை எளிதில் விடுபடுவார் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. மூவரையும் ஒருங்கே பார்த்து ஆடிய தலைமுறையில் பலராமே முழுமையான ஆட்டக்காரர் என்று கருதியோர் உண்டு. அவர்களின் தீர்ப்பை இன்று மெய்ப்பிக்கவோ மறுக்கவோ தேவையான ஒளிப்பதிவு ஏறக்குறைய இல்லை.

கோல் அடிக்காதவர்களின் நிலை வெளிப்படையானது. 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2–1 என வென்ற இறுதியாட்டத்தில் கோல்காப்பாளராக நின்றவர் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர் பீட்டர் தங்கராஜ். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களை விட்டிருந்தவர். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர் என்று பாராட்டப்பட்டவர். அவர் தடுத்த பந்துகளின் எண்ணிக்கை எங்கும் இல்லை. அதே ஆட்டத்தின் இரண்டாவது கோலை அடித்த ஜர்னைல் சிங் இயல்பில் தற்காப்பு வீரர். தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் காயமுற்றுத் தையலிட்டிருந்ததால் ரஹீம் அவரை முன்கள நடுவில் நிறுத்தினார். அரையிறுதியிலும் ஒரு கோல், இறுதியிலும் ஒரு கோல். ஜர்னைலின் சிறப்பு கோலைத் தடுப்பதில் இருந்தது. வரலாறோ அவர் அடித்த இரண்டையே மீண்டும் மீண்டும் சொல்கிறது. எண்ணத் தக்க செயலைச் செய்த அந்தச் சில நாட்களில்தான் தற்காப்பு வீரரும் வரலாற்றில் நுழைகிறார். ஐரோப்பாவிலும் இதுவே நடைமுறை. பாலன் தோர் விருது பெற்ற ஒரே கோல்காப்பாளர் 1963-இல் லெவ் யாஷின். 2008 முதல் 2017 வரை அவ்விருதை மெஸ்ஸியும் ரொனால்டோவும் தம்மிடையே பகிர்ந்துகொண்டனர். 2018-இல் நடுக்கள வீரர் லூகா மோட்ரிச் பெற்றபோது அவருடைய கோல் எண்ணிக்கையை எடுத்துக்காட்டிக் கேலி செய்தவர் பலர்.

முன்னர் குறிப்பிட்ட உதிர்ந்த சொல்லுக்கு இங்குத் திரும்பலாம். நாட்டு அணிக்காக உலகில் மிகுதியான கோல்கள் அடித்தவர் யார் என்னும் வினாவுக்குத் திருப்பதியின் எந்த மாணவர் விடுதியிலும் ரொனால்டோ என்னும் விடையே கிடைக்கும். சரியான விடை கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேர். 190 கோல்கள். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் ஏபி வாம்பாக்கின் 184-ஐக் கடந்து அவர் முதலிடம் பெற்றார். எண்ணே இறுதிச் சான்று என்று வாதிடுவோர் இந்த எண்ணைக் கண்டதும் எதிரணியின் தரம், ஆட்டத்தின் வேகம், போட்டியின் அடர்த்தி என்று பேசத் தொடங்குவர். அந்த அளவைகளை ஆண்கள் கணக்கில் ஏற்க மறுத்தவர்களும் அவர்களே. இந்தியாவில் மணிப்பூரின் பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் சேர்ந்து வெளிநாட்டில் தொழில்முறையாக ஆடிய முதல் இந்தியப் பெண்ணானார். அவர் காலத்தில்கூடப் பெண்கள் அணியின் பல ஆட்டங்களுக்கு ஆண்கள் அணிக்கு இருக்கும் முறையான அறிக்கை இல்லை. பட்டியலாளர்கள் இப்போதுதான் துணுக்குகளைத் தேடிச் சேர்க்கின்றனர். பானர்ஜிக்கு நேர்ந்தது, அறுபது ஆண்டுகள் கழித்து அவர்களுக்கு நேர்கிறது.

இவ்வளவு சிக்கலான கணக்குகளிடையே ஒரே ஒரு கோலால் நினைக்கப்படுபவரும் உண்டு. ரோமில் இந்தியாவின் கடைசி ஆட்டம் பெருவுக்கு எதிரானது. 1–3 எனத் தோல்வி. ஆட்டம் முடியும் தறுவாயில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் தமிழ்நாட்டிலிருந்து சென்ற சைமன் சுந்தரராஜ். பின்னாளில் 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அவ்வணியின் பயிற்சியாளர் அவர். மிகச் சிறந்தவர் விவாதத்தில் அவர் பெயரை ஒருவரும் எடுப்பதில்லை. ஆனால் 1960-க்குப் பின் இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கோல்களின் பட்டியலில் இன்றுவரை கடைசி வரியில் இருப்பது அந்தப் பெயரே.